ஆட்சியியல் ஆசிரியரின் முதற்பாடம்

ஆசிரியர்களைப் பாராட்டுவதில் நம் நாட்டிற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் வந்ததும் மேடை அமைக்கின்றோம். நெடுங்காலம் பணியாற்றி ஓய்வை நெருங்கிவிட்ட ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். பட்டயமும் பதக்கமும் அளித்து மகிழ்கின்றோம். அது தக்கதே. ஆயினும் பணியேற்று மூன்றாண்டோ ஐந்தாண்டோ மட்டுமே ஆன ஓர் இளம் ஆசிரியர் திறம்படக் கற்பிக்கின்றார் என்பதைக் கண்டறிந்து, அதனை அவர் செவியிலும் பிறர் செவியிலும் விழுமாறு சொல்லும் வழக்கம் நம்மிடம் அரிதாகவே இருக்கின்றது. பாராட்டு மிகவும் தேவைப்படும் காலத்தில் அது கிட்டுவதில்லை. தேவைப்படாத காலத்தில் மாலையாக வந்து விழுகின்றது.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான இக்குறை, அரசியல் அறிவியலையும் பொது நிர்வாகவியலையும் கற்பிப்போரிடத்தில் மற்றொரு சிக்கலையும் சேர்த்துக்கொள்கின்றது. வேதியியல் ஆசிரியரின் பாடத்தால் எந்த ஆட்சியாளருக்கும் மனவருத்தம் உண்டாவதில்லை. அதிகாரம் எங்கிருந்து வருகின்றது, அதன் எல்லை யாது, அமைச்சரும் அலுவலரும் மக்களுக்கு எவ்வகையில் பொறுப்புடையவர் என்று கற்பிப்பவரின் நிலை வேறு. இத்தகைய ஆசிரியரை யார் பாராட்டுகின்றார் என்பதே ஒரு வினாவாகிவிடுகின்றது. ஆள்வோரே பாராட்டினால் அப்பாராட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கக்கூடும். ஒருவருமே பாராட்டாவிடின் அவ்விளைஞர் வேறு தொழில் நாடிச் செல்லவும் கூடும்.

பிரிட்டனில் 1950இல் நிறுவப்பெற்ற அரசியல் ஆய்வுக் கழகம் இவ்வினாவுக்குத் தனக்கே உரிய விடையொன்றைக் கண்டது. சிறந்த கற்பித்தலுக்கென பெர்னார்ட் கிரிக் என்பாரின் பெயரால் அது ஒரு பரிசை ஏற்படுத்தியது. பொதுவான பரிசோடு, பணிக்குப் புதிதாக வந்தோருக்கென்றே தனியாக ஒரு பரிசையும் வழங்கி வந்துள்ளது. 1929இல் பிறந்து 2008இல் மறைந்த கிரிக், அரசியல் எனும் செயலை அதன் பகைவரிடமிருந்து காத்து வாதாடும் நூலொன்றை 1962இல் வெளியிட்டுப் புகழ்பெற்றவர். இங்கிலாந்தின் பள்ளிகளில் குடிமையியல் கற்பிக்கப்பட வேண்டுமென 1998இல் அறிக்கை அளித்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் பயனாக 2002இல் அது இடைநிலைப் பள்ளிகளில் கட்டாய பாடமாயிற்று. அன்னாரின் பெயரால் வழங்கும் பரிசில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றே: அரசாங்கமன்று, அத்துறையின் அறிஞர்கள் கூடிய கழகமே தன் புதியவர்களைத் தேர்ந்து மதிக்கின்றது.

இஃது இக்காலத்தவர் கண்ட புதுமை எனப் பலர் கருதக்கூடும். நம் முன்னோரின் கல்வி வரலாற்றைப் புரட்டினால், இளம் ஆசிரியரை இனங்காணும் முறைகள் அங்கே பலவாறாக இருந்தமையும், அம்முறைகளுள் ஆட்சியாளரின் கை நுழைந்தபோது நேர்ந்தவையும் விரிவாகவே பதிவாகியிருக்கக் காண்கின்றோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மத்ரஸாக்களில் 'அரசியல் அறிவியல்' என்றொரு தனித்துறை வகுக்கப்பெறவில்லை. தலைமை, நீதித்துறை, நிலவரி, சந்தைக் கண்காணிப்பு, முறையீட்டு மன்றம் ஆகியன ஃபிக்ஹின் உள்ளேயே பயிலப்பட்டன. அவற்றைத் தனியே திரட்டி நூலாக்கியவருள் முதன்மையானவர் அபுல் ஹஸன் மாவர்தீ (ரஹ்). ஹிஜ்ரீ 450இல் (1058) மறைந்த அன்னாரின் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' 20 இயல்களில் கிலாஃபத் முதல் ஹிஸ்பா ஈறாக ஆட்சியின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்கின்றது. முழு அதிகாரம் பெற்ற அமைச்சர், ஆணையை நிறைவேற்ற மட்டுமே உரிய அமைச்சர் என அவர் செய்த பாகுபாட்டை இன்றைய பொது நிர்வாக மாணவரும் எளிதில் புரிந்துகொள்வர். அதே காலத்தில் ஹன்பலீ அறிஞர் அபூ யஃலாவும் (ரஹ்) அதே பெயரில் ஒரு நூல் செய்தார்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வின் கல்வி பற்றிய இயலில், உலகம் நிலைக்க இன்றியமையாத தொழில்கள் நான்கு என்கின்றார்: உழவு, நெசவு, கட்டடம், ஸியாஸத். மக்கள் ஒருவரோடொருவர் இணங்கி வாழச் செய்வதே இந்நான்காவது. அதுவே இவற்றுள் சிறந்தது. வியப்பு இதற்குப் பின்னரே வருகின்றது. ஸியாஸத்தின் படிநிலைகளைச் சொல்லும்போது நபிமார், ஆட்சியாளர் ஆகியோரோடு அறிஞர்களையும் அதனுள்ளேயே அவர் அமைக்கின்றார். நபித்துவத்திற்கு அடுத்துக் கற்பித்தலே உயர்ந்தது என்கின்றார். ஆசிரியர் அரசியலுக்கு வெளியே நின்று அதனைப் பற்றிப் பேசுபவர் அல்லர், அவர் பணியே ஒரு வகை ஸியாஸத் என்பது அன்னாரின் கருத்து. கற்பித்தலை அரசியலினின்றும் முற்றாகப் பிரித்துவைக்க முயலும் இக்காலத்துக் கல்வி நிர்வாகிகள் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

ஆட்சியும் கல்வியும் ஒருசேர இளையோர் கையில் ஒப்படைக்கப்பட்டமைக்கு மக்கா வெற்றியின் ஆண்டே (ஹிஜ்ரீ 8, கி.பி. 630) சான்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரின் நிர்வாகத்தை இருபதையொட்டிய வயதினரான அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களிடம் விட்டார்கள். மக்களுக்குக் குர்ஆனும் மார்க்கச் சட்டமும் கற்பிக்க முப்பதை எட்டாத முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை அங்கே தங்கச் செய்தார்கள். பின்னர் முஆத் (ரலி) யமனுக்குப் புறப்படும்போது, எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என வினவப்பட்டதும், அவர் வரிசையாக விடை கூறியதும், அவ்விடை கேட்டு மகிழ்ந்த நபியவர்கள் அவரது நெஞ்சில் தட்டியதும் நாம் அறிந்தவை. அவ்வறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ் கலையினரிடையே பேச்சு உண்டு. உஸூல் அறிஞர்களோ அதனைத் தம் நூல்களில் பெரிதும் எடுத்தாண்டனர். பொறுப்பு அளிப்பதற்கு முன் நேரில் வினவி அறிதல், விடை நன்றாயிருப்பின் உடனே வெளிப்படையாக மகிழ்தல் என்னும் இரண்டும் அதில் அடங்கியுள்ளன.

இனி நைஸாபூருக்குச் செல்வோம். ஹிஜ்ரீ 438இல் (1047) அந்நகரின் பெரும் ஆசிரியர் அபூ முஹம்மத் ஜுவைனீ மறைந்தார். அவர்தம் மகன் அப்துல் மலிக்கிற்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. தந்தையின் இடத்தில் மகனை அமர்த்தினர். பிற்காலத்தில் இமாமுல் ஹரமைன் எனப் போற்றப்பெற்றவர் இவரே. அவ்விளம் ஆசிரியரின் அன்றாடம் எவ்வாறிருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் குறித்து வைத்துள்ளனர். தம் மாணவருக்குப் பாடம் முடித்ததும் அவர் எழுந்து பைஹகீயின் மத்ரஸாவுக்குச் செல்வார். அங்கே அபுல் காஸிம் இஸ்காஃப் என்பாரிடம் மாணவராக அமர்ந்து உஸூல் பயில்வார். ஒரே நாளில் ஓரிடத்தில் ஆசிரியர், மற்றோரிடத்தில் மாணவர். இதனை இழுக்கென எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. தந்தையின் பெயர் அவருக்கு இருக்கையைத் தந்திருக்கலாம். அவ்விருக்கையில் அவர் நிலைத்தமைக்குக் காரணம் பிற்பகலில் அவர் சென்ற அந்த மற்றொரு மத்ரஸாவே என்று கருதுகின்றோம்.

அவருக்கு ஆட்சியின் இரு முகங்களும் தெரிந்திருந்தன. ஸல்ஜூக் அமைச்சர் குந்துரீ அஷ்அரீ அறிஞர்கள் மீது பகைகொண்டு மிம்பர்களில் வசைகூறச் செய்தபோது, ஜுவைனீ ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. மக்காவிலும் மதீனாவிலும் தங்கிக் கற்பித்தமையாலேயே அன்னாருக்கு அச்சிறப்புப் பெயர் வாய்த்தது. 1064இல் நிஜாமுல் முல்க் அமைச்சரானதும் காற்று மாறியது. நைஸாபூரில் அவருக்கெனவே நிஜாமிய்யா மத்ரஸா எழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ஓர் அமைச்சர் துரத்தினார், மற்றோர் அமைச்சர் மாளிகை கட்டித் தந்தார், பாடமோ மாறவில்லை. அவர் நிஜாமுல் முல்க்கிற்கென எழுதிய 'ஃகியாஸுல் உமம்' மாவர்தீயின் நூலைக் கடிந்து விமர்சிப்பதோடு, தகுதியான ஆட்சியாளரே இல்லாத காலம் வந்தால் மக்களின் காரியங்களை நடத்துவது யார் என்னும் துணிவான வினாவையும் எழுப்புகின்றது. அப்பொறுப்பு அறிஞர்களைச் சாரும் என்பது அவர் கண்ட விடை. அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவருக்குக் காணிக்கையாக்கிய நூலில் இவ்வாறு எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஹிஜ்ரீ 478இல் (1085) அன்னார் மறைந்தபோது நானூறு பேரளவில் இருந்த மாணவர்கள் தம் மைக்கூடுகளையும் எழுதுகோல்களையும் உடைத்து ஓராண்டு துக்கம் காத்தனர் என்பர். இத்தகைய துக்கமுறையை ஃபிக்ஹு கண்ணோட்டத்தில் குறைகூறுவாரும் இருக்கலாம். எனினும் ஓர் ஆசிரியருக்கு மாணவர் அளித்த மதிப்பீட்டுப் படிவம் இதனினும் வலிதாக எழுதப்பட்டதில்லை.

ஜுவைனீக்குக் கிட்டியது போன்ற குடும்ப இருக்கை எல்லோர்க்கும் வாய்க்குமா? வாய்க்காதோருக்கென ஏற்பட்ட படிக்கட்டே 'முஈத்' எனும் பதவி. ஆசிரியர் பாடம் நடத்தி எழுந்தபின், புரியாத மாணவருக்கு அதனை மீண்டும் விளக்கிச் சொல்பவர் முஈத். மீட்டுபவர் என்பது சொற்பொருள். ஜுவைனீயின் வகுப்பில் முஈதுகளின் முன்வரிசையில் இருந்தவர் இல்கியா ஹர்ராஸீ (ரஹ்). அவர் மாணவராக இருந்தபோது நைஸாபூரின் ஸர்ஹங்க் மத்ரஸாவில் நீரோடைக்கு இறங்கும் எழுபது படிகள் இருந்தனவாம். பாடத்தை மனனம் செய்ததும் ஒவ்வொரு படியில் இறங்கும்போதும் ஒருமுறை, ஏறும்போதும் ஒருமுறை அதனைச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். படிப்படியாக உயர்தல் என்று நாம் உவமையாகச் சொல்வதை அவர் காலால் நடந்தே காட்டினார்! பின்னாளில் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராகி, ஹிஜ்ரீ 504இல் (1110) மறையும் வரை அங்கே கற்பித்தார்.

எட்டாம் ஹிஜ்ரீ நூற்றாண்டில் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்), சமூகத்தின் ஒவ்வொரு பதவிக்கும் உரிய கடமையை வரையறுத்து 'முஈதுன் நிஅம்' எனும் நூலை எழுதினார். (நூற்பெயரிலேயே முஈத் எனும் சொல் அமைந்திருப்பது இனிய தற்செயல், அங்கே அருட்கொடைகளை மீட்டுத் தருவது எனப் பொருள்.) ஸுல்தான், அமைச்சர், எழுத்தர், சந்தைக் கண்காணிப்பாளர் வரிசையிலேயே முதர்ரிஸையும் முஈதையும் அவர் வைத்துப் பேசுகின்றார். பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மேலாக ஒன்றைச் செய்யாத முஈத் மற்ற மாணவரினின்றும் வேறுபட்டவர் அல்லர் என்பதும், நூலிலிருந்து இரண்டொரு வரிகளை மனனம் செய்துவந்து ஒப்பித்துவிட்டு எழுந்து செல்லும் முதர்ரிஸ் தம் கடமையைச் செய்தவராகார் என்பதும் அவர்தம் கண்டனங்கள். அரசு அலுவலர் கடமையையும் ஆசிரியர் கடமையையும் ஒரே அளவுகோலால் அளந்த இந்நூலைப் பொது நிர்வாகவியலார் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

முஈத் பதவி நம்மிடையே பெயரிழந்தும் உயிரோடிருக்கின்றது. அரபுக் கல்லூரிகளில் மாலை நேரத்தில் திறமிக்க மாணவர் ஒருவரைச் சூழ்ந்து மற்றவர் அமர்ந்து அன்றைய பாடத்தை மீட்டிப் பார்க்கும் 'தக்ரார்' அதன் எச்சமே. தாழ்வாரத்தில் நடந்துபோகும் உஸ்தாத் ஒரு கணம் நின்று செவிகொடுத்தால், நாளைய ஆசிரியர் எவர் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இவ்விடத்தில் பலர் மயங்கும் ஒரு செய்தியையும் தெளிவுபடுத்துதல் நலம். நம் பாடத்திட்டமாகிய 'தர்ஸே நிஜாமீ' அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் பெயரால் வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபரங்கீ மஹலில் கற்பித்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வந்தது அது.

முஈத் படியைத் தாண்டி இருக்கை ஏறுபவருக்கு முதற்பாடம் ஒரு பெருநாள். நகரின் காஜீகளும் மூத்த அறிஞர்களும் வந்து அமர்வர். சில வேளைகளில் அமீர்களும் வருவர். புதியவர் அவர்கள் முன்னிலையில் பாடம் நடத்த வேண்டும். இப்னு கல்தூன் (ரஹ்) கெய்ரோவின் மத்ரஸாக்களில் பொறுப்பேற்றபோது ஆற்றிய தொடக்க உரைகளைத் தம் வரலாற்றிலேயே சேர்த்து வைத்துள்ளார். ஆனால் அவர் அப்போது ஐம்பதைக் கடந்தவர், அச்சம் இருந்திருக்காது. ஹிஜ்ரீ 683ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் (1284) திமிஷ்கின் தாருல் ஹதீஸ் ஸுக்கரிய்யாவில் நடந்ததோ வேறு. தந்தை மறைந்தபின் அவ்விருக்கைக்கு வந்த இப்னு தைமிய்யாவுக்கு வயது இருபத்திரண்டு. அவையில் தலைமை காஜீ இருந்தார்; ஷாஃபிஈ அறிஞர்களின் தலைவராக விளங்கிய தாஜுத்தீன் ஃபஸாரீ (ரஹ்) இருந்தார். பாடம் முடிந்தது. அதன் பயன் மிகுதியைக் கண்டு அப்பாடத்தை ஃபஸாரீ தம் கையாலேயே எழுதி வைத்தார் எனவும், அவையோர் அவ்விளைஞரைப் பெரிதும் வியந்து போற்றினர் எனவும் இப்னு கஸீர் (ரஹ்) பதிவு செய்கின்றார்.

இப்னு தைமிய்யாவின் பிற்காலக் கருத்துகள் பலவற்றில் நம் வட்டாரத்து உலமாக்கள் உடன்படுவதில்லை என்பது வெளிப்படை. அதனை ஈண்டு விவாதிக்க வரவில்லை. ஆட்சி என்பது அமானிதம், பதவி தகுதியுடையோர்க்கே உரியது என விளக்கும் 'அஸ் ஸியாஸத்துஷ் ஷரஇய்யா'வை எழுதப்போகும் ஒருவரின் முதற்பாடத்தை, அவரைவிட மூத்த, வேறு மத்ஹபைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் கையெழுத்தாகப் படியெடுத்தார் என்பதே நம் கவனத்துக்குரியது. பொற்கிழி இல்லை, பட்டயம் இல்லை. கேட்டவர் எழுதிக்கொண்டார், எழுதத்தக்கதாக அது இருந்தது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது பக்தாத் நிஜாமிய்யா. ஹிஜ்ரீ 459இல் (1067) அது திறக்கப்பெற்ற நாளில் மக்கள் திரண்டிருந்தனர். நியமனம் பெற்ற அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) வரவில்லை. வரும் வழியில் ஓர் இளைஞன் அவரை மறித்து, அபகரிக்கப்பட்ட இடத்தில் எங்ஙனம் பாடம் நடத்துவீர் என வினவினானாம். அவர் திரும்பிவிட்டார். வேறு வழியின்றி இப்னு ஸப்பாக் அமர்த்தப்பெற்றார். நிஜாமுல் முல்க் விடவில்லை. இருபது நாள்களில் ஷீராஸீ இணங்கி வந்தார், இப்னு ஸப்பாக் விலக்கப்பட்டார். ஷீராஸீ அதன்பின்னும் தொழுகை நேரம் வந்தால் வெளியேறி வேறு பள்ளிவாசலில் தொழுதார் என்று எழுதுகின்றனர். அமைச்சரின் மதிப்பைப் பெற்றவரின் மனத்தில் முள்ளாக உறுத்தியது எது என்பதை அந்நடை சொல்லும். இருபது நாளில் எழுப்பப்பட்ட இப்னு ஸப்பாக்கின் மனநிலையை எவரும் எழுதவில்லை.

இதே இருக்கைக்குத்தான் ஹிஜ்ரீ 484இல் (1091) முப்பத்து நான்கு வயதினரான கஸ்ஸாலீ (ரஹ்) வந்தார். ஜுவைனீ மறைந்தபின் அவர் நிஜாமுல் முல்க்கின் பாசறைக்குச் சென்று, அங்கே நிகழ்ந்த அறிஞர் வாதங்களில் வென்று, அமைச்சரின் கண்ணில் பட்டவர். இளம் ஆசிரியர் ஒருவருக்கு அக்காலத்தில் அதனினும் பெரிய அங்கீகாரம் இருந்ததில்லை. முந்நூறு மாணவர் அவரிடம் பயின்றனர். அடுத்த ஆண்டே நிஜாமுல் முல்க் கொலையுண்டார். பின்னர் கலீஃபா முஸ்தழ்ஹிரின் விருப்பத்திற்கிணங்க பாத்தினீகளுக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். அதில் அக்கலீஃபாவின் தலைமை சட்டப்படி செல்லும் என நிறுவும் இயலும் உண்டு. ஆட்சியால் உயர்த்தப்பட்ட ஆசிரியர் ஆட்சியின் தகுதி குறித்து எழுதுகின்றார். அவர் எழுதியவற்றில் பொய் இருந்தது என்பது நம் கூற்றன்று. எழுதியவர் நின்ற இடம் நெருக்கடியானது என்பதே.

அந்நெருக்கடியை அவரே எவரினும் நன்கு உணர்ந்தார். ஹிஜ்ரீ 488இன் இறுதியில் (1095) இருக்கையைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு கலீல் நகரில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் அவர் செய்த உறுதிமொழி மூன்று கூறுகள் கொண்டது: எந்த ஸுல்தானின் அவைக்கும் செல்வதில்லை, ஸுல்தானின் பொருளைப் பெறுவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை. அவரை உயர்த்திய ஏணியின் படிகள் இம்மூன்றுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கீகாரம் எத்திசையில் கிட்டுகின்றதோ அத்திசையிலேயே இளைஞர் பாய்வர் என்பதையும் அவர் 'இஹ்யா'வில் கூர்மையாகச் சுட்டுகின்றார். மருத்துவம் சமூகக் கடமை; பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஃபிக்ஹு வாதங்களிலோ கூட்டம் நெரிகின்றது. காரணம், மருத்துவத்தின் வழியே வக்ஃபுப் பொறுப்பும் அநாதைச் சொத்தின் மேற்பார்வையும் காஜீ பதவியும் கிட்டா. ஓர் ஊரின் கல்வி எவ்வாறு கோணலாகின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த நிர்வாகவியல் குறிப்பு உண்டா?

வக்ஃபு நிபந்தனைகளும் இக்கோணலுக்குத் துணைபோயின. நிஜாமிய்யாவில் கற்பிப்பவர் ஷாஃபிஈயாக இருத்தல் வேண்டும். ஹிஜ்ரீ 612இல் (1215) மறைந்த பார்வையற்ற இலக்கண அறிஞர் வஜீஹ் இப்னு தஹ்ஹான், ஹன்பலீயாக இருந்து ஹனஃபீயானவர். அங்கே இலக்கண இருக்கை காலியானதும் ஷாஃபிஈயாக மாறினார். ஒரு கவிஞர் அதனை எள்ளிப் பாடிய வரிகள் அவர்தம் இலக்கணப் புலமையை விடவும் நீண்டநாள் வாழ்கின்றன. மகனுக்காகவோ வேண்டியவருக்காகவோ தந்தை பதவியிறங்கி இருக்கையைக் கைமாற்றும் 'நுஸூல்' வழக்கமும் மம்லூக் காலத்தில் பெருகியது. ஜுவைனீக்கும் இப்னு தைமிய்யாவுக்கும் தந்தையின் இடமே கிட்டியது என்பதை நினைத்தால் அவ்வழக்கம் முற்றிலும் தீதன்று எனலாம். ஆனால் வரலாறு நினைவில் வைத்திருப்பது அவ்விருவரைப் போன்றோரை மட்டுமே. மற்ற மகன்களை அது மறந்துவிட்டது.

ஆட்சியியலும் கற்பித்தலும் ஒரே கையில் சந்தித்தமைக்கு இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். கெய்ரோவிலும் திமிஷ்கிலும் தலைமை காஜீயாக இருந்த பத்ருத்தீன் இப்னு ஜமாஅஹ் (ரஹ்) அரசு, படை, கருவூலம் குறித்துத் 'தஹ்ரீருல் அஹ்காம்' எழுதியவர். ஆசிரியர் மாணவர் ஒழுங்கைப் பேசும் புகழ்பெற்ற 'தத்கிரத்துஸ் ஸாமிஇ'யும் அவருடையதே. பின்னதை அவர் முடித்தது ஹிஜ்ரீ 672இல். ஹிஜ்ரீ 639இல் பிறந்த அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. முதியவர் ஒருவரின் அனுபவ உரையென்றே பலரும் அந்நூலைப் படிக்கின்றனர்; உண்மையில் அஃது ஓர் இளம் ஆசிரியரின் நூல். தகுதி வருமுன் இருக்கை ஏறாதே என்கிறார். அறியாததை அறியேன் எனச் சொல்லக் கூசாதே என்கிறார். உன் மாணவன் வேறோர் ஆசிரியரிடம் சென்று பயின்றால் முகம் சுளிக்காதே என்கிறார். இம்மூன்றும் பணியின் தொடக்க ஆண்டுகளில்தான் மிகவும் கடினம்.

இற்றை நாளுக்கு வருவோம். அமெரிக்காவில் பொது நிர்வாகக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வழங்கும் கற்பித்தல் விருது லெஸ்லி விட்டிங்டன் என்னும் பேராசிரியையின் பெயரைத் தாங்கியுள்ளது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை கற்பித்த அவர், 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் மீது மோதப்பட்ட விமானத்தில் கணவருடனும் இரு சிறு மகள்களுடனும் உயிரிழந்தார். அக்கொலையைச் செய்தோர் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டனர். ஆட்சியைச் செம்மையாக நடத்தும் கலையைக் கற்பித்த ஓர் ஆசிரியையின் நினைவை அவர்தம் துறையினர் கற்பித்தலுக்கான விருதாக்கினர் என்பதை முஸ்லிம்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள் கற்பித்தலை அளக்கும் விதம் சுவையானது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் நூற்றுக்கு 80ம் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. 70க்கு மேல் 80க்குள் எனில் 'போதுமானது'. 70க்குக் கீழ் எனில் 'போதாது'. எத்தனை வகுப்பு எனும் கணக்கு இருக்கின்றது; வகுப்பில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு இவ்வளவுகோலில் இடமில்லை. ஸுப்கீ கண்டித்த, இரண்டு வரிகளை ஒப்பித்துவிட்டு எழுந்து செல்லும் முதர்ரிஸ் இக்கணக்கில் தவறாமல் 'நன்று' பெற்றிருப்பார். தமிழக அரசுக் கல்லூரிகளில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளருக்கோ இப்பதவி உயர்வு ஏணியே இல்லை. அரசியலமைப்பையும் உள்ளாட்சி நிர்வாகத்தையும் பல கல்லூரிகளில் இத்தகைய இளைஞரே கற்பிக்கின்றனர். பணியாளர் உரிமை பற்றிய பாடத்தை, தமக்கு அவ்வுரிமை இல்லாத ஒருவர் நடத்துகின்றார்.

பரிசுத் தொகையும் விழா மேடையும் நம் சமுதாயக் கல்லூரிகளால் ஏற்பாடு செய்ய இயலாதவை அல்ல. அவற்றினும் எளியது, துறையின் மூத்தவர் ஒருவர் ஆண்டுக்கு இருமுறை புதியவரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்வது. குறை காண வந்தவராக அன்று, குறிப்பெடுக்க வந்தவராக. எடுத்த குறிப்பில் தமக்குப் புதிதாகத் தோன்றியதைக் கீழே கையொப்பமிட்டு அவ்விளைஞரிடமே கொடுத்துவிடலாம். ஒரு படி அவரது பணிப்பதிவேட்டில் சேரலாம். வேறு துறையினர், வேறு கல்லூரியினர் வந்து அமர்ந்தால் இன்னும் நன்று; ஃபஸாரீ வேறு மத்ஹபினர் அல்லவா? மாணவர் கருத்தையும் கேட்கலாம், ஆனால் மதிப்பெண் பட்டியல் வெளிவந்த பின்னர். அமைச்சரையோ ஆட்சியரையோ இதற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்க வேண்டியதில்லை.